பிளாஸ்டிக் சன்கிளாஸ் ஃபிரேமுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க ஏலுமா?

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் கறுப்பு பிளாஸ்டிக் ஃபிரேம் போட்ட சன்கிளாஸ் ஒன்று இருக்கிறது. லென்ஸ் நல்ல நிலையில் இருக்கிறதாம். ஃபிரேமின் மேல் இருந்த றப்பர் போன்ற பூச்சு நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் கையில் ஒட்டத் தொடங்கியதால் அதைச் சுரண்டிவிட்டு, நீல நகப்பூச்சு பூசிப் பார்த்திருக்கிறார். இரண்டு கிழமைக்குள் செதில் செதிலாக உரிந்துவிட்டது. வீட்டில் ஒழுங்காகச் செய்ய ஏலுமா, எந்தப் பெயின்ட் வாங்குவது, நம்மூர் வெயிலுக்கும் வியர்வைக்கும் நின்று பிடிக்குமா என்பது அவர் கேள்வி.

ஏலும், தம்பி. மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிள் டாங்கி, பக்கக் கவர், பம்பர் என்று தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் பெயின்ட் அடிப்பதுதான் என் தொழில். சன்கிளாஸ் ஃபிரேமும் அதே வேலைதான், அளவு மட்டும் சின்னது. பெயின்ட் டின்னைத் திறக்கும் முன்னரே உங்கள் வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். பெயின்ட் உரிந்தால் எல்லாரும் பெயின்ட்டைத்தான் குறை சொல்வார்கள். நான் பார்த்த அளவில், உரிந்ததற்குக் காரணம் அநேகமாகப் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும்: எண்ணெய், பழைய பூச்சின் மிச்சம், அல்லது பெயின்ட்டே பிடிக்காத பிளாஸ்டிக்.

நகப்பூச்சு ஏன் உரிந்தது என்பதில் இருந்து தொடங்குவோம். நகப்பூச்சின் படலம் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. கெதியாகக் காயும், பளபளக்கும், ஆனால் காய்ந்த பின் விறைத்துப் போகும். கண்ணாடியை விரித்துப் போடும் ஒவ்வொரு முறையும் ஃபிரேம் கொஞ்சம் வளைகிறது, மேலே இருக்கும் விறைத்த படலம் அதோடு சேர்ந்து வளையாது. முதலில் கீல் பக்கத்தில் வெடிக்கும், வெடிப்புக்குள் வியர்வை இறங்கும், பிறகு உரியத் தொடங்கும். நகத்தில் அது நிற்பது கொஞ்ச நாளைக்குத்தான், அதற்கென்றே செய்த பொருள் அது. இன்னொரு பாதகமும் உண்டு. அதில் இருக்கும் எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் கரைப்பான்கள் சில பிளாஸ்டிக்கைத் தின்னும். ஆகவே நகப்பூச்சை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்தப் பிசுபிசுப்பு. தொடுவதற்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று ஃபிரேமின் மேல் மெல்லிய பாலியூரிதேன் பூச்சு ஒன்று போடுவார்கள். ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு காலப்போக்கில் வேதியியல் ரீதியாக உடைந்து பசையாக மாறும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி அல்லது குளம் என்று இருக்கிற நம் கரையோர ஊர்களில் இது கெதியாகவே நடக்கிறது. பழைய குடைப்பிடி, பைனாகுலர், டோர்ச் லைட் எல்லாம் இப்படி ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சுரண்டி எடுத்தது காணாது. ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் வாங்குங்கள், போன் திருத்தும் கடைக்காரர்கள் 'ஐபிஏ' என்று சொல்வது இதைத்தான். பழைய பருத்தித் துணியில் நனைத்து, ஒரு இடத்தில் அழுத்திப் பிடித்து, பூச்சு இளகிய பின் உருட்டி எடுங்கள். கறுப்புக் கறுப்பாக அழுக்குத் திரளும். துணியை மாற்றி மாற்றி, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும் தேயுங்கள். கீலின் மூலையிலும் லென்ஸ் உட்காரும் பள்ளமான காடியின் ஓரத்திலும் கடைசிவரை ஒளிந்திருக்கும், அங்கே காது குடையும் பஞ்சுக் குச்சியால் எடுங்கள். பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் உதவும், ஆனால் சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டுப் பாருங்கள். மங்கலான படலம் மிஞ்சினால் அதைப் பாவிக்க வேண்டாம். தின்னர், பெற்றோல், அசிட்டோன் எதையும் ஃபிரேமுக்குக் கிட்டவே கொண்டுவராதீர்கள்.

அடுத்து, அது என்ன பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும். எல்லாம் இதைப் பொறுத்துத்தான். கால்களின், அதாவது காதில் போடும் தண்டுகளின், உள்பக்கத்தில் சில வேளை எழுதியிருக்கும். இல்லாவிட்டால் கையால் பார்த்தே ஓரளவு சொல்லலாம். கால்களுக்குள் நீளமாக ஒரு கம்பி ஓடுவது தெரிந்தால், கொஞ்சம் பாரமாக இருந்தால், நிறம் மேலோடு நிற்காமல் உள்ளே முழுக்க ஊறியிருந்தால் அது அநேகமாக செல்லுலோஸ் அசிடேட், தகட்டில் இருந்து வெட்டிச் செய்தது. இலேசாகவும் ஓரங்களில் அச்சின் கோடு மெல்லியதாகவும் தெரிந்தால் அச்சில் வார்த்தது, பெரும்பாலும் பாலிகார்பனேட். எவ்வளவு வளைத்தாலும் திரும்பி நிமிர்ந்தால் நைலோன் வகை, கடைகளில் 'டிஆர் 90' என்று விற்பது அந்தக் குடும்பம்தான். மெழுகு தடவியது போல வழுக்கினால் பாலிபுரொப்பிலீனாக இருக்கலாம், சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுக் கண்ணாடிகளில் அது வரும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. காலின் நுனியில், உள்பக்கத்தில், காதுக்குப் பின்னால் மறையும் இடத்தில், அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சுக் குச்சியால் ஒரே ஒரு புள்ளி வையுங்கள். அந்தத் திரவத்துக்கு இந்த வேலையில் இருக்கிற ஒரே இடம் இதுதான். பாலிகார்பனேட் வெளுத்து மங்கும். அசிடேட் இளகி ஒட்டும். நைலோனும் பாலிபுரொப்பிலீனும் அசையாது. ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் போன்ற வேறு பிளாஸ்டிக்குகளும் இளகும் என்பதால், இளகியதோடு உள்ளே கம்பியும் தெரிந்தால்தான் அசிடேட் என்று எடுங்கள்.

பாலிகார்பனேட், ஏபிஎஸ் என்றால் தாராளமாகப் பெயின்ட் அடிக்கலாம், கரைப்பான் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நைலோன் என்றால், பெயின்ட்டுக்கு அடியில் பிடிப்புக்காகப் போடுகிற பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். அசிடேட் என்றால் பெயின்ட்டே அடிக்காதீர்கள் என்பது என் கருத்து. அசிடேட்டை மென்மையாக வைத்திருக்க அதில் ஒரு இளக்கி சேர்த்திருப்பார்கள். அது மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு ஊறி வரும், பழைய ஃபிரேம்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் அதுதான். அது பெயின்ட்டை அடியில் இருந்தே இளக்கிவிடும். ஆனால் அசிடேட்டில் இருக்கிற நன்மை வேறெதிலும் இல்லை: நிறம் உள்ளே முழுக்க இருப்பதால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்த்து, பொலிஷ் போட்டால் புதிதாகவே ஆகிவிடும். அதை ஏன் மூட வேண்டும்? பாலிபுரொப்பிலீனில் பாடுபட வேண்டாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் தீர்த்தம் ஆடப் போகும்போது கடைகளில் விற்கிற சின்னக் கண்ணாடிகளுக்கெல்லாம் இவ்வளவு மினக்கெடுவது நேரத்துக்கு நட்டம்.

உங்கள் ஃபிரேம் நீங்கள் சொல்லும் விதத்தில் பாலிகார்பனேட்டாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இனி அப்படியே வைத்துச் சொல்கிறேன்.

லென்ஸைக் கழற்றியே ஆக வேண்டும். அச்சில் வார்த்த ஃபிரேமில் பொதுவாக உள்பக்கம் இருந்து, மூக்கு ஓரத்தில் பெருவிரலால் அழுத்தி முன்பக்கமாகத் தள்ளினால் லென்ஸ் கழரும். விடாப்பிடியாக இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வைத்துவிட்டு முயலுங்கள். பவர் போட்ட கண்ணாடி என்றால் கண்ணாடிக் கடையில் கொடுத்துக் கழற்றிக்கொள்ளுங்கள். லென்ஸை வைத்தபடியே டேப் ஒட்டி அடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போலரைஸ்ட் லென்ஸ் பலவற்றில் மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும், ஓரத்தால் கரைப்பான் கசிந்தால் அடுக்குகள் பிரிந்து ஓரம் முழுக்கக் குமிழி விடும். வாவியிலும் கடலிலும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை வெட்டுவதே அந்த லென்ஸ்தான். ஃபிரேமின் அழகுக்காக அதைப் பணயம் வைக்கக்கூடாது. கழற்றிய லென்ஸ்களை இடம், வலம் என்று குறித்து, துணியில் சுற்றி வையுங்கள்.

கால்களையும் கழற்றுங்கள். கீலின் திருகு சின்னது, கையில் எடுத்த உடனே ஒரு துண்டு டேப்பில் ஒட்டி வைத்துவிடுங்கள். கால்கள் வெளிப்பக்கமாகவும் விரிந்து தானாகத் திரும்புகிற ஸ்பிரிங் கீல் என்றால் திருகைத் தொடாமல், கீலை டேப்பால் மூடிவிட்டு அடியுங்கள். அந்த ஸ்பிரிங்கைத் திரும்ப உள்ளே இருத்துவது எல்லாருக்கும் வராது.

இப்போது கழுவல். ஒரு சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, பழைய பல் துலக்கி. தேங்காய் எண்ணெய் வைத்த தலையில் வருடக்கணக்கில் இருந்த ஃபிரேம் அது. காதுக்குப் பின்னால் போகும் பகுதியிலும் மூக்கு இருக்கும் வளைவிலும் எண்ணெயும் வியர்வையும் படிந்திருக்கும். இரண்டு தரம் கழுவி அலசுங்கள். பிறகு ஒரு குறி பாருங்கள்: ஃபிரேமைத் தண்ணீரில் இருந்து தூக்கும்போது தண்ணீர் படலமாக வழிந்தால் எண்ணெய் போய்விட்டது, முத்து முத்தாகத் திரண்டு நின்றால் அந்த இடத்தில் இன்னும் இருக்கிறது. முத்து நிற்கும் இடத்தைத் திரும்பவும் தேயுங்கள். இதற்குப் பிறகு வெறும் விரலால் தொட வேண்டாம், கையுறை போடுங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்கிறவரின் பெயின்ட் பாதி பிடித்த மாதிரி.

அடுத்து வாட்டர் பேப்பர். 400 நம்பர் பேப்பரில் தொடங்கி, அதை விட நைசான 600 இல் முடியுங்கள், தண்ணீர் தொட்டே தேயுங்கள். ஃபிரேமைக் கரைக்க வேண்டியதில்லை, மினுக்கம் மட்டும் போக வேண்டும். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் எங்கும் ஒரே மங்கலாக, பால் படிந்த கறுப்பாகத் தெரிய வேண்டும். ஒரு இடம் மினுங்கினாலும் அங்கே பேப்பர் படவில்லை, அங்கிருந்துதான் பிறகு உரியும். மூக்குப் பாலத்தின் உட்குழிவில் பேப்பரைச் சின்னதாக மடித்துக் கொடுங்கள். சுரண்டும்போது கத்தி பட்ட கீறல் ஆழமாக இருந்தால் அதை 400 இலேயே தேய்த்து மட்டமாக்கிவிடுங்கள், பெயின்ட் கீறலை மறைக்காது, எடுப்பாகக் காட்டிவிடும். முடித்து, அலசி, உலர்த்தி, கடைசியாக ஐபிஏயால் ஒருக்கால் துடையுங்கள்.

பெயின்ட் எங்கே படக்கூடாது என்று இப்போதே முடிவெடுங்கள். லென்ஸ் உட்காரும் காடிக்குள் படக்கூடாது. பிரைமர், நிறம், அதன் மேல் காப்புக்காக அடிக்கிற நிறமில்லாத கிளியர் எல்லாம் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று அளவுக்கு வரலாம், காடிக்குள் அது இருந்தால் லென்ஸ் உள்ளே போகாது, போனாலும் ஓரப் பெயின்ட்டை உடைத்துக்கொண்டுதான் போகும். கீலுக்குள் படக்கூடாது. தோலில் படுகிற எந்த இடத்திலும் படக்கூடாது: மூக்கில் இருக்கும் பகுதி, கால்களின் உள்பக்கம், காதில் தங்கும் வளைவு. வியர்வைக்கு நிற்குமா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். வியர்வை ஊறும் இடத்தில் எந்த வீட்டு ஸ்பிரே பெயின்ட்டும் நீண்ட நாள் நிற்காது, தோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கடியும் தடிப்பும் வரலாம். அந்த இடங்களைக் கறுப்பாகவே விட்டு, முன்பக்கத்துக்கும் கால்களின் வெளிப்பக்கத்துக்கும் மட்டும் நிறம் கொடுத்தால், வெளியே நீலம், உள்ளே கறுப்பு என்று பார்ப்பதற்கும் எடுப்பாக இருக்கும். நல்ல மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி மூடுங்கள்.

பிரைமர் வாங்கும்போது வாகனப் பெயின்ட் விற்கும் கடையில் 'பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர் ஸ்பிரே' என்று கேளுங்கள். அது நிறத்தை மூடுகிற பிரைமர் அல்ல, பிளாஸ்டிக்குக்கும் பெயின்ட்டுக்கும் இடையில் பிடிப்பைக் கொடுக்கிற மெல்லிய படலம். ஒரு தரம், அதிகம் போனால் இரண்டு தரம், தூவினால் காணும். அதன் மேல் எவ்வளவு நேரத்துக்குள் அடுத்த பூச்சு போட வேண்டும் என்று டின்னில் எழுதியிருக்கும், அதை மீறாதீர்கள். கறுப்பின் மேல் நீலம் அடிப்பதால் அடியில் வெள்ளை அல்லது இளம் சாம்பல் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் நீலம் இருண்டு கறுப்பாகவே தெரியும். மஞ்சள், ஒரேஞ்ச் அடிக்க நினைப்பவர்களுக்கு வெள்ளை அடி கட்டாயம்.

நிறத்துக்கு வாகனங்களுக்கான அக்ரிலிக் ஸ்பிரே டின் நல்லது. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற எண்ணெய் எனமல் வேண்டாம், அது நம் ஈரப்பதத்தில் நாள்கணக்கில் இளக்கமாகவே கிடந்து விரல் ரேகையை வாங்கிக்கொள்ளும். ஒளிரும் பச்சை, ஒளிரும் ரோஸ் போன்ற நிறங்கள் வெயிலில் மிகக் கெதியாக வெளிறும், வெயிலில் போடுகிற பொருளுக்கு அவை பொருந்தாது. அக்ரிலிக் ஸ்பிரேயில் ஒரு ஆபத்து உண்டு. அதிலும் அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கலாம். வார்க்கும்போதே பாலிகார்பனேட்டுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது, கீலைச் சுற்றியும் லென்ஸ் காடியைச் சுற்றியும் அது அதிகம். அங்கே கரைப்பான் தேங்கினால் முடி போன்ற வெடிப்புகள் விழும், பிறகு ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும். ஆகவே முதல் பூச்சு நனைகிற மாதிரி இருக்கவே கூடாது. தூறல் போல மெல்லத் தூவி, கரைப்பான் பிளாஸ்டிக்கில் இறங்கும் முன் பறந்துபோக விட வேண்டும். முழு ஃபிரேமுக்கும் அடிக்கும் முன் காலின் உள்பக்க நுனியில் கொஞ்சம் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். இதே காரணத்துக்காகத்தான் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தரும்படி கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். வெளியே அழகாக இருக்கும், ஓட்டுக்குள் பலம் போயிருந்தால் விழுகிற அன்றுதான் தெரியும்.

நேரமும் காலநிலையும் டின்னை விட முக்கியம். வாடைக்காற்றோடு மழை வருகிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், அந்தக் குளிரில் காற்றின் ஈரம் பனியாகப் படிந்து பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். பளபளவென்று அடித்த கிளியர் கண் முன்னாலேயே பால் வெள்ளையாக மாறும். பெரிய பெயின்ட் வேலைகளில் ஈரப்பதம் 85 வீதத்துக்கு மேல் என்றால் அடிப்பதில்லை, மேற்பரப்பின் சூடு, காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை விட 3 பாகை செல்சியஸாவது கூடியிருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். வீட்டில் அளவுகருவி இல்லாவிட்டாலும், கொடியில் போட்ட உடுப்பு காயாத நாளில் அடிக்காதீர்கள். தப்பித்தவறி வெளுத்துவிட்டால் பதறிப்போய்த் துடைக்க வேண்டாம். நல்ல வெயில் நாள் வரும்வரை விட்டு, அதே கிளியரை மிக மெல்லியதாக ஒரு தரம் தூவினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

எதிர்ப்பக்கச் சிக்கல் கச்சான் காற்றுக் காலத்தில். மேற்கே மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் அந்தக் காற்று நெருப்பாகவும் வறட்சியாகவும் இருக்கும். டின்னில் இருந்து புறப்பட்ட துளி ஃபிரேமில் படும் முன்னரே பாதி காய்ந்து, தூள் ஒட்டியது போலச் சொரசொரக்கும். அத்தோடு மணல். அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டு நடக்கும் நாட்களில் பதரும் தூசியும் காற்றில் மிதந்து வரும், ஈரப் பெயின்ட்டில் ஒரு பதர் ஒட்டினால் அந்தப் பக்கத்தைக் காயவைத்துத் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டியதுதான். நான் சொல்வது, மழையில்லாத ஒரு நாளில் காலை ஒன்பது, பத்து மணி. பனியீரம் போயிருக்கும், காற்று இன்னும் எழும்பியிருக்காது. மதியத்துக்கு மேல் கடற்காற்று தொடங்கினால் டின்னை வைத்துவிடுங்கள்.

இடத்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து, வாசல் பக்கம் நீங்கள் நிற்கிற மாதிரி விறாந்தையில் வையுங்கள். நிலத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது, கராஜ்களிலும் அதைத்தான் செய்கிறோம். ஃபிரேமைப் பிடித்துக்கொள்ள வாழைக்குற்றி ஒரு துண்டு எடுத்து அதில் தடித்த ஈர்க்குகளைக் குத்தி, கால்களைக் கீல் பக்கம் மேலே வரும்படி ஈர்க்கோடு டேப் சுற்றி நிறுத்துங்கள். முன்பக்கத்தை மெல்லிய செப்புக் கம்பியில் கீல் துளைகளால் கோத்துத் தொங்கவிடலாம். அடிக்கத் தொடங்கிய பிறகு கையால் தொடவேண்டிய தேவை வரக்கூடாது, அதற்குத்தான் இவ்வளவும்.

டின்னுக்குள் இருக்கும் குண்டு சத்தம் போடத் தொடங்கிய பின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 இல் இருந்து 25 சென்டிமீட்டர் தூரம், சூடான நாளில் 20 ஐத் தாண்ட வேண்டாம். ஃபிரேமுக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து, மறுபக்கம் வெளியே வந்த பிறகே விரலை எடுங்கள். ஃபிரேமின் மேலேயே நின்று தொடங்கினால் முதல் சொட்டுப் பெரிதாக விழும். முதல் தரம் அடித்ததும் அடியில் இருப்பது முழுக்கத் தெரிய வேண்டும், ஆங்காங்கே நீலப் புள்ளிகள், அவ்வளவுதான். அது நல்ல முதல் பூச்சு. பத்து, பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது. மூன்றாவதில், நான்காவதில்தான் நிறம் முழுக்க மூடும். வட்டமான பொருள் என்பதால் மேல் ஓரம், கீழ் ஓரம், லென்ஸ் துளையின் உள்விளிம்பு மூன்றையும் முதலில் அடித்துவிட்டு முகப்பைக் கடைசியில் அடியுங்கள். முகப்பில் தொடங்கினால் ஓரங்களுக்குப் போகும்போது முகப்பில் அளவுக்கு மிஞ்சி ஏறி வழியும். அடுத்த பூச்சுக்கு டின்னில் ஒரு கால எல்லை எழுதியிருக்கும்: இத்தனை நேரத்துக்குள், தவறினால் இத்தனை நேரத்துக்குப் பின் என்று. அந்த இடைவெளியில் அடித்தால் கீழ்ப் பூச்சு பாதி காய்ந்த நிலையில் சுருங்கி எழும்பும்.

கோடு, புள்ளி, பூ என்று ஏதாவது வரைய விரும்பினால் நிறத்துக்கும் கிளியருக்கும் இடையில் செய்யுங்கள். தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் பெயின்ட், அல்லது அக்ரிலிக் மார்க்கர் நல்லது. தூரிகையை விட ஈர்க்கு நுனியை நேராக வெட்டி, பெயின்ட்டில் தொட்டுக் குத்துவது எனக்குப் பிடிக்கும், கோலப்புள்ளி போல ஒரே அளவில் விழும். கால்களில் கீலில் இருந்து காது நோக்கிப் புள்ளிகளைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் பார்க்க அழகாக இருக்கும். ஒரு நாள் காயவிட்டு, மேலே கிளியரின் முதல் பூச்சை மிக மெல்லியதாகத் தூவுங்கள், கனமாக அடித்தால் வரைந்தது ஊறிப் பரவும்.

கிளியரில் பளபளப்பா, மங்கலா என்று கேட்பார்கள். மங்கல் கிளியர் முதல் நாள் மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் எண்ணெய்க் கை படும் இடமெல்லாம் திட்டுத் திட்டாக மினுங்கத் தொடங்கும், துடைத்தால் இன்னும் மினுங்கும். நம் பாவிப்புக்குப் பளபளப்புக் கிளியர்தான் சரி. சாதாரண ஸ்பிரே கிளியரை மூன்று தரம் அடித்தால் போதும். இதை விட உறுதியானது வேண்டும் என்றால், வாகனங்களுக்கு ஹார்ட்னர் என்கிற இறுக வைக்கும் திரவம் கலந்து அடிக்கிற 2கே கிளியர் இருக்கிறது. வியர்வைக்கும் சன் கிறீமுக்கும் அதைப் போல நிற்பது வேறில்லை. அதை மட்டும் வீட்டில் அடிக்காதீர்கள். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். நிறம் வரை நீங்களே முடித்து, நன்றாகக் காயவிட்டு, தெரிந்த கராஜ் ஒன்றில் அவர்கள் வேறு வேலைக்குக் கிளியர் கலக்கும் நாளில் இதையும் மெல்லியதாக ஒரு தரம் அடித்துத் தரக் கேளுங்கள். கையளவு பொருள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

சாதாரண ஸ்பிரே என்றாலும் பாதுகாப்பு வேண்டும். துணி மாஸ்க் துளிகளில் கொஞ்சத்தைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். டின்னைத் தள்ளும் வாயு எரியக்கூடியது, ஆகவே அடுப்பு, சாமி விளக்கு, நுளம்புத் திரி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் செய்ய வேண்டாம்.

அடித்து முடிந்த பிறகு பொறுமை வேண்டும். தொட்டால் ஒட்டாது என்பது காய்ந்ததற்கு அடையாளம் அல்ல. ஒரு கிழமையாவது நிழலில், காற்றோட்டமான அலுமாரி மேல் வையுங்கள். வெயிலில் வைத்துக் கெதிப்படுத்த நினைக்காதீர்கள், மேலே தோல் காய்ந்து உள்ளே கரைப்பான் சிக்கிக் குமிழி விடும். மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பாருங்கள், பெயின்ட் மணம் வந்தால் இன்னும் கரைப்பான் வெளியேறுகிறது. மழை நாட்களில் இரண்டு கிழமைக்கு மேலும் எடுக்கலாம்.

பிறகு ஒரு சோதனை. இதைச் சொந்த ஃபிரேமில் செய்ய மனம் வராது, ஆகவே தொடக்கத்திலேயே உடைந்த பழைய கண்ணாடிக் கால் ஒன்றையும் கூடவே கழுவி, தேய்த்து, அதே பூச்சுகளை அடித்து வையுங்கள். அது காய்ந்ததும் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக, சின்னக் கட்டம் கட்டமாக, பிளாஸ்டிக்கில் படும் வரை கீறி, அதன் மேல் நல்ல செலோடேப் ஒன்றை அழுத்தி ஒட்டி, ஒரே இழுவையில் உரியுங்கள். டேப்பில் கட்டங்கள் ஒன்றும் வராவிட்டால் உங்கள் பிடிப்பு சரி. வெட்டின ஓரத்தில் கொஞ்சம் செதில் வந்தால் பரவாயில்லை. முழுக் கட்டங்களாகக் கழன்று வந்தால் கழுவலிலோ தேய்ப்பிலோ குறை, ஃபிரேமைப் போடத் தொடங்கும் முன்னரே தெரிந்துகொண்டது நல்லது. பெயின்ட் தொழிலில் ஐஎஸ்ஓ 2409 என்ற தரநிலையில் வருகிற சோதனையும் அடிப்படையில் இதுதான்.

லென்ஸைத் திரும்பப் போடும்போது முன்பக்கமாக வைத்து, காது ஓரத்தை முதலில் காடிக்குள் இருத்தி, மூக்கு ஓரத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். ஃபிரேமுக்குள் துணி ஒன்றைக் கொடுத்துப் பிடித்தால் புதுப் பெயின்ட்டில் நகம் படாது.

பாவிப்பில் பெயின்ட்டுக்குப் பகையான சில பொருட்கள் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன. நுளம்பு விரட்டும் கிறீம்களில் டீட் என்ற மருந்து இருந்தால் அது பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் இளக்கும். தலைவலிக்கு நெற்றிப்பொட்டில் பூசுகிற தைலமும் அப்படித்தான், அது பூசுகிற இடத்திலேதான் கண்ணாடிக் காலும் வந்து உரசுகிறது. தைலம் பூசினால் கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். சென்ட்டை முகத்துக்குக் கிட்ட அடித்துவிட்டு உடனே போட வேண்டாம். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ கடலில் இறங்கி வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், உப்பு காய்ந்த பின் துடைத்தால் அந்தப் பரல்களே கீறும். வெயிலில் நிறுத்திய வாகனத்தின் டாஷ்போர்டில் வைக்காதீர்கள்.

எங்காவது சின்னதாகப் பெயர்ந்தால் முழுவதையும் உரித்து அடிக்கத் தேவையில்லை. அந்த இடத்தின் ஓரத்தை 800 பேப்பரால் இறக்கித் தேய்த்து, ஐபிஏயால் துடைத்து, அதே டின்னில் இருந்து ஒரு மூடிக்குள் கொஞ்சம் பீச்சி, ஈர்க்கு நுனியால் தொட்டு நிரப்புங்கள். காய்ந்ததும் இன்னொரு தரம். மேலே கிளியரையும் அப்படியே தொட்டு வைத்து, நன்றாகக் காய்ந்த பின் 2000 பேப்பரைத் தண்ணீர் தொட்டு மெல்ல ஓட்டி, ரபிங் கொம்பவுண்ட் என்கிற மினுக்கும் பசை கொஞ்சம் போட்டு மினுக்கினால் ஒட்டுப் போட்ட இடம் தெரியாது. மீதிப் பெயின்ட் இருக்கும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வாயு மட்டும் வரும்வரை பீச்சிவிட்டு மூடி வையுங்கள், முனை அடைபடாமல் அடுத்த முறைக்கும் உதவும்.